தைப்பிங் பழைய பட்டணம்: காரை நிறுத்திவிட்டு நடந்தால் தெரியும் கதை

தைப்பிங்கிற்குப் போகும் நம் குடும்பங்கள் பெரும்பாலும் ஏரிப் பூங்காவையும் மிருகக்காட்சி சாலையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பட்டணத்துக்குள் காரை நிறுத்துவது செண்டோல் குடிப்பதற்காக மட்டுமே. ஆனால் அந்தச் செண்டோல் கடையைச் சுற்றியுள்ள பத்துப் பதினைந்து தெருக்களில்தான் மலாய் மாநிலங்களின் முதல் ரயில் பாதை தொடங்கியது. அந்தப் பாதையைப் போட்ட கைகளில் தமிழர்களின் கைகள் உண்டு. இதைக் காரில் உட்கார்ந்தபடி பார்க்க முடியாது. ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, இறங்கி நடக்க வேண்டும்.

நடப்பதற்கு முன் பட்டணம் பிறந்த கதையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. லாருட் வட்டாரத்தில் ஈயம் கண்டெடுக்கப்பட்ட பின் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு ரகசியச் சங்கங்கள் ஈய லம்பங்களுக்காகவும் தண்ணீருக்காகவும் 1861 முதல் மோதிக்கொண்டன. அன்று இந்த இடத்தின் பெயர் கிளியான் பாவ். 1874 ஜனவரி 20-ஆம் தேதி கையெழுத்தான பங்கோர் ஒப்பந்தத்தோடு சண்டை ஓய்ந்தது. இடத்துக்குத் 'தைப்பிங்' என்ற புதுப் பெயர் வந்தது. பேரமைதி என்பது அதன் பொருள். பதின்மூன்று ஆண்டுகள் வெட்டும் குத்துமாகக் கிடந்த ஊருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

நடையைத் தொடங்கச் சரியான இடம் ஜாலான் கோத்தாவில் உள்ள மணிக்கூண்டு. 1881-இல் மரத்தால் கட்டப்பட்டு, 1890-இல் செங்கல்லால் மாற்றிக் கட்டப்பட்டது. முதலில் அது போலீஸ் நிலையம். மரம் செங்கல்லாக மாறியதற்குப் பின்னால் ஊருக்கே பாடம் சொன்ன ஒரு விபத்து இருக்கிறது. 1880-இல் மூண்ட தீயில் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த பட்டணத்தின் பெரும்பகுதி சாம்பலானது. மறுபடி கட்டும்போது தெருக்களை அகலமாகவும் நேராகவும் போட்டார்கள். மணிக்கூண்டின் அருகே நின்று நான்கு பக்கமும் பார்த்தால் இது விளங்கும். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் மாட்டு வண்டிகளுக்காகப் போட்ட சடக்குகள் அவை. இன்று இரண்டு பக்கமும் கார் நிறுத்திய பிறகும் நடுவில் வண்டி போக இடம் இருக்கிறது. இதே காலத்தில் வளர்ந்த பல பட்டணங்களில் இந்த வசதி கிடையாது.

அங்கிருந்து கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைக்குள் நுழைந்துவிடலாம். ஆண்டுக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது. தீபகற்பத்திலேயே மழை மிகுந்த பட்டணம் என்று பெயர் வாங்கியது. மதியத்துக்கு மேல் மழை எப்போது இறங்கும் என்று பந்தயம் கட்டுகிற பழக்கமே இங்கு இருந்தது. வெயிலுக்கும் மழைக்கும் கூரை போட்ட நடைபாதை ஊர்க்காரர்களுக்கு அவசியத் தேவை. கையில் குடையோடு, காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம்.

நடைபாதையிலேயே போய்க்கொண்டிருந்தால் கடையின் கீழ்ப்பகுதிதான் கண்ணில் படும். அங்கே இருப்பதெல்லாம் இரும்புக் கதவும் பிளாஸ்டிக் பெயர்ப்பலகையும். அவ்வப்போது எதிர்ப்பக்கம் போய் நின்று மாடியை அண்ணாந்து பார்க்க வேண்டும். மரச் சன்னல்களும் சுண்ணாம்புப் பூவேலைகளும் அங்கேதான் மிச்சம் இருக்கின்றன. சில முகப்புகளின் உச்சியில் கட்டடம் எழுந்த ஆண்டைப் பொறித்திருப்பார்கள். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அந்த ஆண்டுகளைத் தேடச் சொன்னால் போதும், அவர்கள் காலை வலிக்கிறது என்று சொல்லமாட்டார்கள்.

மணிக்கூண்டிலிருந்து சில நிமிட நடையில் பழைய சந்தை. 1884, 1885-ஆம் ஆண்டுகளில் எழுந்த மரச் சட்டக் கட்டடங்கள் இவை. கூரை மிக உயரம். சூடான காற்று மேலே ஏறி வெளியேற, கீழே நிற்பவருக்குக் குளிர்ச்சி தங்கும். மின்விசிறி இல்லாத காலத்தில் மீனும் இறைச்சியும் விற்க வேறு வழி இல்லை.

ஸ்டேஷன் சாலையில் இறங்கிய தமிழர்கள்

அடுத்து ஸ்டேஷன் சாலை. இந்தக் கட்டுரைக்கே காரணமான தெரு இதுதான்.

லம்பத்தில் தோண்டிய ஈயம் கடலுக்குப் போய்ச் சேர வேண்டும். மாட்டு வண்டிகள் அடைமழையில் சேற்றில் சிக்கின. ஆகவே தைப்பிங்கிலிருந்து கடலோரத்தில் இருந்த போர்ட் வெல்ட் துறைமுகம் வரை ரயில் பாதை போட முடிவானது. தூரம் எட்டு மைல், அதாவது ஏறத்தாழ 13 கிலோமீட்டர். 1885 ஜூன் 1-ஆம் தேதி முதல் ரயில் ஓடியது. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் ரயில் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

பாதை போட ஆள் எங்கிருந்து வந்தது? லம்பத்தில் வேலை செய்த சீனர்கள் ஈயத்தை விட்டு வரவில்லை. இலங்கையில் சடக்கும் பாலமும் போடுவதற்கென்றே 'பயனியர் படை' என்ற தொழிலாளர் அமைப்பு இருந்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் இருந்த படை அது. அதிலிருந்து ஆட்களைக் கப்பலில் வரவழைத்தார்கள். சதுப்பு நிலத்தை மண் கொட்டி உயர்த்தி, கட்டைகளை அடுக்கி, தண்டவாளம் பதித்தவர்கள் அவர்கள். ரயில் ஓடத் தொடங்கிய பின் இன்னொரு வகைத் தமிழர்கள் வந்தார்கள். அவர்கள் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்தவர்கள். ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் கணக்கர்களாகவும் மலாயா ரயில்வே முழுக்க அமர்ந்தார்கள். தண்டவாளத்தைப் பராமரிக்கும் கூலி வேலைக்குத் தமிழகத்திலிருந்து ஆட்கள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கமும் தமிழர், இந்தப் பக்கமும் தமிழர். ஆனால் இரு தரப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்ததில்லை. தைப்பிங்கைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது நாம் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

முதல் ரயில் நிலையம் இருந்த இடத்தில் இன்று கிங் எட்வர்ட் பள்ளி இருக்கிறது. 1883-இல் மத்தியப் பள்ளியாகத் தொடங்கிய அது, நிலையம் வேறு இடத்துக்கு மாறிய பின், 1905-இல் புதுக் கட்டடத்தையும் புதுப் பெயரையும் பெற்றது. ரயில் போய்விட்டாலும் தெருவுக்கு ஸ்டேஷன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நாகமுத்து மாரியம்மன் ஆலயம் இருப்பதும் இதே தெருவில்தான். நாட்டின் எந்தப் பழைய ரயில் ஊருக்குப் போனாலும் நிலையத்துக்கு அக்கம்பக்கத்தில் ஒரு மாரியம்மனைப் பார்க்கலாம்.

இடிக்கப் பணம் இல்லாததால் பிழைத்த ஊர்

இவ்வளவும் எப்படி இன்னும் நின்றுகொண்டிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நேரடியான பதில் உண்டு. தைப்பிங் தோற்றுப்போனதால் அது பிழைத்தது. 1876 முதல் பேராக்கின் நிர்வாகத் தலைநகராக இருந்த ஊர் இது. மலாய் மொழியின் ஆரம்பகாலச் செய்தித்தாள்களில் ஒன்றான 'ஸ்ரீ பேராக்' 1893-இல் வெளிவந்ததும் இங்கேதான். ஆனால் ஈயத்தின் போக்கு கிந்தா பள்ளத்தாக்கின் பக்கம் திரும்பியது. பணமும் ஆட்களும் ஈப்போவுக்கு நகர்ந்தன. 1937-இல் தலைநகரும் ஈப்போவுக்குப் போனது. அதன்பின் பழையதை இடித்து உயரமாகக் கட்டுவதற்கான அவசரம் தைப்பிங்கில் யாருக்கும் இல்லை.

இன்னொரு காரணம் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. வாடகைக்கு இருந்தவரை எளிதில் வெளியேற்ற முடியாது, கட்டடத்தை இடிப்பதும் எளிதல்ல. தையல் கடையும் முடிதிருத்தும் கடையும் பட்டணத்தின் நடுவிலேயே காலம் தள்ள முடிந்தது இதனால்தான். அதே சட்டத்தால் வீட்டுக்காரருக்குக் கிடைத்த வாடகை, ஓடு மாற்றக்கூடப் போதவில்லை. 1997-இல் சட்டம் ரத்தானது. இடைக்காலச் சலுகை 1999 இறுதியோடு முடிந்தது. பினாங்கில் பழைய கடைவீடுகளின் வாடகை எகிறியதும் குடியிருந்தவர்கள் வெளியேறியதும் பலருக்கு நினைவிருக்கும். கூட்டம் குறைந்த ஊர்களில் சிக்கல் வேறு மாதிரி. ஒரு கடைவீட்டுக்கு எட்டு வாரிசுகள், ஆளுக்கொரு ஊரில், யாரும் கையெழுத்துப் போட வரவில்லை என்றால் கட்டடம் பூட்டியபடியே கிடக்கும்.

பூட்டிய வீட்டுக்கு இந்த மழையே எமன். ஒரு ஓடு நகர்ந்தால் உத்தரம் நனையும். உத்தரம் உளுத்தால் கூரை உட்காரும். சுவர் வெடிப்பில் பறவை போட்ட விதை ஆலங்கன்றாக முளைத்து, வேரால் செங்கல்லைப் பிளக்கும். நல்லெண்ணத்தோடு செய்யும் பழுதுபார்ப்பும் சில வேளை கெடுத்துவிடுகிறது. பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. உள்ளே ஏறும் ஈரத்தை அவை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் பொடியத் தொடங்கும். பளபளவென்று பூசிய சுவர் சில ஆண்டுகளில் கொப்பளித்து உரிவது இதனால்தான்.

ஜாலான் தாமிங் சாரி, ஏரி, அதற்கு அப்பால்

ஜாலான் தாமிங் சாரியில் வடக்கே நடந்தால் அரசாங்கத்தின் பழைய முகம் வரிசையாகத் தெரியும். 1886-இல் எழுந்த ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் மரத்தால் ஆனது. பேராக் அருங்காட்சியகம் 1883-இல் தொடங்கியது, நாட்டின் முதல் அருங்காட்சியகம். அதற்கு எதிரிலேயே 1879-இல் கட்டிய சிறைச்சாலை, இன்றும் சிறையாகவே இயங்குகிறது. அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருப்பது நல்லது.

ஏரிப் பூங்கா பக்கத்தில்தான். அதுவும் ஒரு கைவிடப்பட்ட ஈய லம்பம். 1880-இல் அதைப் பூங்காவாக மாற்றத் தொடங்கினார்கள். சாலையைத் தாண்டிக் கிளை நீட்டி ஏரித் தண்ணீரைத் தொடும் அந்தப் பெரிய மரங்களை எல்லாரும் படம் எடுக்கிறார்கள். மழை மரம் என்று பலகைகள் சொல்லும். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அது தூங்குமூஞ்சி மரம்.

நேரம் இருப்பவர்கள் புக்கிட் லாருட் போகும் வழியில் போர்க் கல்லறைக்கும் போகலாம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கே இருக்கிறார்கள். சாலையின் ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் இந்திய இராணுவத்தின் இந்து, முஸ்லிம், கூர்க்கா வீரர்கள். பாதிக்கு மேற்பட்ட கற்களில் பெயர் இல்லை.

இடிஎஸ் ரயிலில் வருகிறவர்கள் நிலையத்திலிருந்து பட்டணத்துக்கு நடந்தே வந்துவிடலாம். காரில் வருகிறவர்கள் நடை முடிந்ததும் கோலா செப்பெத்தாங் வரை ஓட்டிப் போக வேண்டும். பழைய போர்ட் வெல்ட் அதுதான். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. டிக்கெட் அறை ஒன்றும் நிலையத்தின் பெயர்ப்பலகையும் மிச்சம். அந்தப் பலகையில் ஊரின் பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளிலும் இருக்கிறது.