தீக்குச்சியும் வால்வ் ட்யூபும்

சோதனைச்சாலை என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் கண்ணாடிக் குடுவைகளையும் பித்தளைத் தராசுகளையும் மனத்தில் சித்திரித்துக்கொள்ளும் நமக்கு, மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், கிராமத்துக் குழந்தைகள் படித்த 16 நடுநிலைப் பள்ளிகளில் 1972-ஆம் ஆண்டு தொடங்கிய விஞ்ஞானப் போதனை முயற்சி ஆச்சரியத்தையே அளிக்கும். அங்கே ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் சூத்திரங்களை மனப்பாடம் செய்யாமல், சிறு சிறு குழுக்களாகக் கூடிப் பரிசோதனை செய்து, கண்டதை எழுதி, விவாதித்து, முடிவுக்கு வந்தார்கள்; பரீட்சையிலோ புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளவும் அநுமதி இருந்தது.

என் அபிப்பிராயத்தில் இதில் ரசமான பாகம் கோடை விடுமுறைதான். பள்ளிகள் பூட்டிக் கிடக்கும் அந்த வெயில் நாட்களில், வருஷக்கணக்காகக் கரும்பலகைக்கு முன் நின்று பழகிய ஆசிரியர்கள், தாங்களே மாணாக்கராக உட்கார்ந்து, பிற்பாடு வகுப்பில் நடத்தவேண்டிய பரிசோதனைகளைத் தம் கையாலேயே செய்து பார்த்தார்கள். (தெரியாது என்று ஓர் ஆசிரியர் ஒப்புக்கொள்வது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதை ஆசிரியர்களே அறிவார்கள்!) 1978-இல் அங்கு வந்த அரவிந்த் குப்தா என்னும் பொறியியலாளர், சைக்கிள் வால்வ் ட்யூபின் துண்டுகளால் தீக்குச்சிகளை இணைத்து, முக்கோணம் அசையாமல் நிற்பதையும் சதுரம் சாய்ந்துவிடுவதையும் குழந்தைகளின் விரல்களுக்கே உணர்த்தும் உபாயத்தைக் கண்டார்.

1982-இல் தோன்றிய ஏகலவ்யா ஸ்தாபனம் ஏற்று வளர்த்த இத்திட்டத்தை 2002-இல் மாநில அரசாங்கம் நிறுத்திவிட்டது, நிறுத்தியிருக்க வேண்டியதில்லை.

இந்தக் கோடையில், மருந்தைச் சுரண்டிய நான்கு தீக்குச்சிகளும் ஒரு துண்டு வால்வ் ட்யூபும் கிடைத்தால், உங்கள் தெருக் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு சதுரம் செய்து பாருங்கள்.