அரட்டை: ஒரு தமிழ்ச்சொல் வணிகப்பெயரானதும் சமூக ஊடகச் சந்தையும்

தமிழ்ப்பள்ளி வகுப்பறைகளில் 'அரட்டை' என்னும் சொல் பெரும்பாலும் கண்டிப்போடு சேர்ந்தே ஒலிக்கும். 'அரட்டை அடிக்காதே' என்று மாணவரை அடக்காத ஆசிரியர் அரியர். அச்சொல்லையே பெயராகக் கொண்ட செய்திச் செயலி ஒன்று, 2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில், இந்திய ஆப்பிள் செயலிக்கடையின் சமூக வலைப்பிரிவில் முதலிடம் பெற்றது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் படைப்பு அது. ஒரு தொழில்நுட்ப நிறுவனம் சமூக ஊடகத்தின்வழித் தன்னை எவ்வாறு மக்கள்முன் நிறுத்துகிறது, பயனீட்டாளரைத் தன்பால் எவ்வாறு ஈர்க்கிறது என்பதை விளக்க இஃது ஏற்றதொரு சான்றாகும். தமிழாசிரியர்க்கு இதில் தனி அக்கறையும் உண்டு. விற்கப்பட்ட பொருளின் பெயர் தமிழ். ஆயின் அது விற்கப்பட்டது தமிழின் பெயரால் அன்று.

முதற்கண் சொல்லைக் காண்போம். பயனற்ற பேச்சு, பொழுதுபோக்குப் பேச்சு என்னும் பொருளில் வழங்கிவந்த இச்சொல்லுக்குச் சற்று மதிப்புத் தேடித் தந்தது, தொண்ணூறுகளில் சன் தொலைக்காட்சியில் இயக்குநர் விசு நடத்திய 'அரட்டை அரங்கம்' எனலாம். பொதுமக்கள் ஒலிவாங்கியின்முன் நின்று தம் கருத்தை உரைத்த நிகழ்ச்சி அது. பின்னர் இணையம் பரவிய காலத்தில், எழுத்துவழி உடனுக்குடன் பேசிக்கொள்ளும் முறையைக் குறிக்கவும் இதே சொல் எடுத்தாளப்பட்டது. 'உரையாடல்' என்பது அதற்குப் போட்டியாக நின்றதெனினும் அதில் மேடை நெடி வீசும்; அரட்டையில் திண்ணை மணக்கும். வணிகப்பெயராக இதனைத் தெரிந்தவர்கள் சொல்லின் சுவை அறிந்தவர்கள் என்றே கொள்கிறோம்.

ஸோஹோ 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பெற்று, 2009இல் இன்றைய பெயரைப் பெற்றது. நிறுவனங்களுக்குரிய மென்பொருளை விற்பதே அதன் தொழில். ஆதலின் பொதுமக்களிடையே அப்பெயர் பெரிதும் அறியப்படவில்லை. வாட்ஸ்அப் தன் தனியுரிமை விதிகளை மாற்றுவதாக அறிவித்துப் பலரின் சினத்துக்கு ஆளான 2021 சனவரியில் அரட்டைச் செயலி வெளிவந்தது. எனினும் நான்காண்டுக் காலம் அதனைப் பேசுவார் மிகச் சிலரே.

2025இல் சூழல் மாறியது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரை வரி விதித்தது. அதனை ஒட்டி இந்தியாவில் சுதேசிக் குரல் ஓங்கியது. செப்டம்பர் 22இல் ஒன்றிய அமைச்சர் அசுவினி வைஷ்ணவ் தாம் ஸோஹோவுக்கு மாறுவதாக எக்ஸ் தளத்தில் அறிவித்தார். அடுத்த சில நாள்களில் கல்வியமைச்சர் தர்மேந்திர பிரதான் அரட்டையைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தார். மூன்று நாள்களில் நாளொன்றுக்கான புதிய பதிவுகள் 3,000இலிருந்து 350,000ஆக உயர்ந்ததாக நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு அதே தளத்தில் எழுதினார். நவம்பரில் பெரியதொரு வெளியீடும் விளம்பர முயற்சியும் திட்டமிடப்பட்டிருந்தன என்றும், அதற்குள் இவ்வெள்ளம் வந்துவிட்டது என்றும் அவரே குறித்தார். திட்டமிட்ட விளம்பரத்தைத் திட்டமிடாத பேச்சு முந்திக்கொண்டது.

இங்கு நாம் கருதத்தக்கது, நிறுவனத்தின் குரலாக ஒலித்தது எது என்பதாகும். நாளிதழ் விளம்பரத்தில் நிறுவனம் பேசும், வாசகர் கேட்பார். சமூக ஊடகத்திலோ கேட்பவர் மறுமொழி கூறுவார். அதற்கும் விடை எதிர்பார்ப்பார். அவ்விடையை முகமற்ற அலுவலகக் கணக்கு தருவதைவிட ஒரு மனிதர் தருவது நம்பிக்கையூட்டும். தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையிலிருந்து செயற்படும் வேம்பு, சிற்றூர் வாழ்க்கை, வேளாண்மை, கல்வி எனப் பலவற்றைப் பற்றியும் நெடுங்காலமாகத் தம் சொந்தக் கணக்கில் எழுதிவருபவர். அப்பதிவுகள் விளம்பரமாக எழுதப்பட்டனவா என்பது வேறு வினா. விளம்பரத்தின் பயனை அவை தந்தன என்பதில் ஐயமில்லை. தரவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, மென்பொருள் எங்கே உருவாகிறது என்ற ஐயங்கள் எழுந்தபோது அவரே நேரில் விளக்கம் தந்தார். இத்தகைய உரிமையில் ஓர் இடரும் உண்டு. நிறுவனரின் அரசியல், சமயக் கருத்துகளை ஏற்காதவர் அவர்தம் பொருளையும் ஐயுறத் தொடங்குவர். அதுவும் நிகழ்ந்தது.

செய்திச் செயலிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. சோப்பு வாங்கியவர் அண்டை வீட்டாரையும் வாங்கச் சொல்ல வேண்டியதில்லை. அரட்டையை நிறுவியவரோ தம் உறவினரையும் நண்பரையும் அழைத்தாலன்றி அதனால் ஒரு பயனும் இல்லை. பயனீட்டாளரே முகவராகிவிடுகிறார்.

ஆயினும் திறந்தவெளியில் புகழை ஈட்டுபவர் வினாவுக்கும் அங்கேயே ஆட்படுகிறார். அரட்டையில் குரல், காணொலி அழைப்புகள் மறைகுறியாக்கம் பெற்றிருந்தன. எழுத்துச் செய்திகள் முனைக்கு முனை மறைகுறியாக்கம் பெறவில்லை. அதாவது, அனுப்புநரும் பெறுநரும் அன்றி இடையிலுள்ள நிறுவனமும் படிக்க இயலாதவாறு பூட்டும் முறை அதில் அப்போது இல்லை. வாட்ஸ்அப்பில் இது 2016 முதலே உண்டு. பயனர்கள் இக்குறையை உரத்துச் சுட்டினர். அதே ஆண்டு நவம்பரில் இருவருக்கிடையிலான உரையாடல்களுக்கு அவ்வசதி வழங்கப்பட்டது. பூட்டுப் பொருத்தும் முன்பே வீட்டுக்குக் குடியழைத்தது முறையன்று என்பதே நம் கருத்து. எனினும் பூட்டு விரைவில் வந்ததில் அப்பொதுவெளி வினாக்களுக்கும் பங்குண்டு.

பெயரைப் பற்றியும் பேச்செழுந்தது. தமிழறியாதார் பலர் உச்சரிக்கக் கடினம் என்றனர். மாற்றுக என்றோரும் உளர். பெயர் நிலைத்தது. சுதேசி என்னும் முழக்கத்தின்கீழ் வடமாநிலத்தார் ஒரு தமிழ்ச்சொல்லைப் பழக நேர்ந்தது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

மலேசியத் தமிழர்க்கு அம்முழக்கம் பொருந்தாது. பண்டமாரானில் வாழும் ஒரு குடும்பத்துக்கு வாட்ஸ்அப்பும் அயல்நாட்டுப் பொருள். அரட்டையும் அயல்நாட்டுப் பொருளே. எஞ்சுவது மொழியுறவு ஒன்றுதான். அது போதுமா? கிள்ளான் வட்டாரத்தில் பள்ளி அறிவிப்பு, வீட்டுப்பாடம், கோயில் திருவிழா, இழவுச் செய்தி அனைத்தும் 'புலன'க் குழுக்களில்தான் வருகின்றன. அயலவர் படைத்த வாட்ஸ்அப்புக்குப் புலனம் என்று பெயரிட்டு நம்முடையதாக்கிக்கொண்டோம். தமிழ்ப்பெயரோடு பிறந்த செயலிக்கோ நம் குழுக்களில் இடமில்லை. ஒருவர் மாறுவதால் குழு மாறிவிடாது. குழு மாறாமல் ஒருவர் மாறவும் இயலாது.

இத்தடையை இதற்கு இருபதாண்டுகள் முன்பே சந்தித்த பெயர் ஒன்று நம் மண்ணிலேயே உண்டு. கிள்ளானுக்கு அணித்தான கேரித்தீவில் வளர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்', 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு வெளியீடு கண்டது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்துரு கிடையாது. ஆகவே அனுப்புவோர் தமிழில் எழுதினால் மட்டும் போதாது, பெறுவோரின் கருவியிலும் அதனைக் காட்டும் வழி வேண்டியிருந்தது. சமூக ஊடகம் கைக்கு வராத காலம். வானொலியும் பொங்கல் திருநாளும் தமிழ்க் குறுஞ்செய்தி என்னும் புதுமையுமே அதற்கு விளம்பரம். 2009இல் ஐபோனிலும் 2012இல் ஆண்ட்ராய்டிலும் அது வந்தபோது தடை வேறு வகையில் நீங்கிவிட்டிருந்தது. செல்லினம் உள்ளிடும் கருவி. எழுதிய செய்தியை எந்தச் செயலியிலும் அனுப்பலாம். பிறரை இடம்பெயரச் செய்ய வேண்டிய கட்டாயம் அதற்கில்லை. அரட்டைக்கு அக்கட்டாயம் உண்டு.

அதனாற்போலும், 2025 நவம்பருக்குள் அரட்டை முதல் நூறு செயலிகளின் பட்டியலிலிருந்து இறங்கியதாகச் செய்திகள் வந்தன. பதிவிறக்கம் ஒரு கோடியைக் கடந்தது உண்மை. ஆனால் பதிவிறக்கியவர் எத்தனை பேர் மறுநாளும் திறந்து பார்த்தனர் என்பதே செய்திச் செயலியின் உண்மையான கணக்கு. அமைச்சரின் பதிவு ஒருவரைப் பதிவிறக்கச் செய்யலாம். அவருடைய அத்தை மாமாவை அங்குக் கொண்டுவந்து சேர்க்காது.