செஞ்சிக் கோட்டைக்கு சன்ரூஃப் கார்ல போறீங்களா? கிளம்பறதுக்கு முன்னாடி மேல இருக்கிற கண்ணாடியைப் பாருங்க!

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் செஞ்சிக் கோட்டை இடம்பிடிச்சது ஞாபகம் இருக்கும். மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் சேர்க்கப்பட்ட 12 கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது இது ஒண்ணுதான். அதனால வீக் எண்ட் வந்தா சென்னை, புதுச்சேரியில் இருந்து 'செஞ்சி போலாமா மச்சி'னு கிளம்புறவங்க நிறைய. அது போக, பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போறவங்களும் அமாவாசைக்கு மேல்மலையனூர் போறவங்களும் இந்த வழியாத்தான் போறாங்க.

இப்படிப் போற கார்களில் சன்ரூஃப் இருக்கிற கார்கள் அதிகமாகிட்டே வருது. ஒரு காலத்தில் சொகுசு கார்களில் மட்டும் பார்த்த விஷயம், 2023-ல் வந்த ஹூண்டாய் எக்ஸ்டர் மாதிரியான சின்ன கார் வரைக்கும் இறங்கி வந்துடுச்சு. ஆனா, டயரில் காத்து இருக்கா, வைப்பர் வேலை செய்யுதான்னு பார்க்கிற நாம, தலைக்கு நேர் மேல இருக்கிற கண்ணாடியை மட்டும் பார்க்கிறதே இல்லை. அது உடைஞ்சா விழுறது நம்ம மேலதான்!

வெயில்ல தானா வெடிக்குமா?

சன்ரூஃப் கண்ணாடி உடைஞ்சா, பெரும்பாலானவங்க சொல்ற முதல் காரணம், 'வெயில்ல நிறுத்தியிருந்தேன், தானா வெடிச்சிடுச்சு' என்பதுதான். இது பாதி உண்மை.

பெரும்பாலான சன்ரூஃப்களில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல சூடாக்கி, சட்டுனு காத்தடிச்சுக் குளிர வைப்பாங்க. வெளிப்பக்கம் முதல்ல இறுகிடும். உள்பக்கம் மெதுவா ஆறும்போது சுருங்கப் பார்க்கும். இதனால கண்ணாடியின் மேற்பரப்பு எப்பவும் அழுத்தப்பட்ட நிலையிலும், நடுப்பகுதி இழுத்துக்கட்டிய நிலையிலும் இருக்கும். இந்த இழுபறிதான் அதோட பலம். அதே தடிமன் உள்ள சாதாரணக் கண்ணாடியைவிட சுமார் நாலு மடங்கு உறுதி.

இப்படித் தயாரான நல்ல கண்ணாடி, சுமார் 200 டிகிரி வரை வெப்ப வித்தியாசத்தைத் தாங்கும். சித்திரை மாசத்துல ராஜகிரி அடிவாரத்துல நாள் முழுக்க நிறுத்தினாலும் கார் கூரை அந்தச் சூட்டைத் தொடப்போறது இல்லை. அப்போ ஏன் உடையுது?

ஏற்கெனவே அதுல ஒரு காயம் இருந்திருக்கும். மேற்பரப்பில் விழுந்த ஒரு சின்ன வெட்டு, அழுத்தமான அந்த வெளி அடுக்கைத் தாண்டி இழுத்துக்கட்டிய நடுப்பகுதியைத் தொட்டால், மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான துண்டுகளாகிடும். கல்லு பட்ட அன்னிக்கே அது நடக்கணும்னு இல்லை. ஒரு வாரம் கழிச்சு வெயில்ல நின்ன சூடோ, வேகத்தடையில் ஏறி இறங்கின குலுக்கலோ அந்தக் காயத்தைக் கொஞ்சம் ஆழமாக்கினா போதும். வெயில் கடைசித் தள்ளு மட்டும்தான் கொடுக்குது.

தொழிற்சாலையிலேயே பிரச்னை வருவதும் உண்டு. 2012 மாடல் ஹூண்டாய் வெலோஸ்டர் கார்கள் சுமார் 13,500-ஐ அமெரிக்காவில் திரும்ப அழைச்சாங்க. பொருத்தும்போதே பேனரோமிக் சன்ரூஃப் கண்ணாடி பலவீனமாகியிருக்கலாம் என்பதுதான் காரணம். 2013-ல் தென் கொரிய அரசும் இதை ஆராய்ஞ்சது. கண்ணாடி ஓரத்தில் கறுப்பா ஒரு பட்டை இருக்கும் பாருங்க, அந்த செராமிக் பூச்சு இருக்கிற இடத்தில் கண்ணாடியின் உறுதி குறையுதுனு அப்போ பேச்சு வந்தது. அரிதா, தயாரிக்கும்போது கண்ணாடிக்குள் மாட்டிக்கிட்ட நிக்கல் சல்ஃபைடு துகள், பின்னாடி மெல்ல விரிஞ்சு உள்ளே இருந்தே உடைப்பதும் உண்டு. இதையெல்லாம் நாம வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனா, ரோட்டில் பட்ட காயத்தைக் கண்டுபிடிக்கலாம்.

செஞ்சி ரூட்டில் என்ன ஸ்பெஷல்?

திண்டிவனம் - செஞ்சி - திருவண்ணாமலை சாலை கல்லும் மலையும் நிறைஞ்ச பகுதி. விழுப்புரம் மாவட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் உண்டு. ஜல்லி, எம்-சாண்ட் ஏத்தின டிப்பர்கள் முன்னாடி போகும். தார்ப்பாய் சரியா மூடாத டிப்பர் ஒரு பள்ளத்தில் குதிச்சா, மேல இருந்து நாலு ஜல்லி தெறிக்கும். பெரும்பாலும் முன் கண்ணாடியில் படும். சில சமயம் எகிறி கூரைக்கு வரும்.

அந்த நேரத்தில் சன்ரூஃபைத் திறந்தோ, லேசா தூக்கியோ வெச்சிருந்தா ஆபத்து அதிகம். காரணம், டெம்பர்டு கண்ணாடியின் பலவீனமான இடமே அதோட ஓரம்தான். மூடியிருக்கும்போது ஓரம் ஃபிரேமுக்குள் பத்திரமா இருக்கும். தூக்கி வெச்சா ஓரம் வெளியே நீட்டிக்கிட்டு நிற்கும். அதனால டிப்பருக்குப் பின்னாடி போகும்போது சன்ரூஃபை மூடிடுங்க, நல்லா இடைவெளி விடுங்க.

அடுத்து, கோட்டைக் குரங்குகள். கார் மேல குதிக்கும், பீடிங் ரப்பரைப் பிடிச்சு இழுக்கும். கண்ணாடி உடையுறது அபூர்வம். ஆனா பீடிங் கிழிஞ்சா தண்ணி உள்ளே வரும், கண்ணாடி ஆட ஆரம்பிக்கும். சாப்பாட்டுப் பையை வெளியே தெரியுற மாதிரி காருக்குள் வெச்சுட்டுப் போகாதீங்க. நிழலுக்காக மரத்தடியில் நிறுத்தும்போதும் ஒரு தடவை மேல பாருங்க. காய்ஞ்ச கிளை, தேங்காய் எதுவும் தலைக்கு மேல இருக்கக் கூடாது.

ரெண்டு நிமிஷ செக்கப்

காலையில் கூரை சூடாகிறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க.

1. ஈரத்துணியால் தூசியைத் துடைங்க. தூசி இருந்தா சின்ன வெட்டு தெரியாது.

2. செல்போன் டார்ச்சை நேரா அடிக்காம, கண்ணாடியோடு ஒட்டின மாதிரி சாய்ச்சு அடிங்க. கீறலும் புள்ளியும் பளிச்சுனு மின்னும்.

3. ஓரங்களை மெல்லிய துணியால் தடவிப் பாருங்க. துணி எங்கேயாவது மாட்டினா அங்கே சில்லு பேர்ந்திருக்கு. வெறும் விரலால் தடவ வேண்டாம்.

4. உள்ளே உட்கார்ந்து திரையைத் திறந்து வானத்தைப் பாருங்க. கோடு, நட்சத்திர வடிவப் புள்ளி, ஓரத்தில் வெள்ளையா மூட்டம் இருக்கா?

5. மூடின பிறகு கண்ணாடி கூரையோடு ஒரே மட்டத்தில் இருக்கணும். ஒரு மூலை மட்டும் தூக்கியோ பதிஞ்சோ இருந்தா, ஃபிரேம் கண்ணாடியை முறுக்குதுனு சந்தேகப்படலாம்.

6. காது கொடுங்க. முன்னாடி இல்லாத விசில் சத்தம், வேகத்தடையில் 'கடகட', திறக்கும்போது 'கிரீச்'... மூணுமே எச்சரிக்கைதான்.

ரூஃப் துணியில் ஈரத்திட்டு தெரிஞ்சா உடனே கண்ணாடி விரிசல்னு பயப்பட வேண்டாம். சன்ரூஃபைச் சுத்தி ஒரு கால்வாய் இருக்கும். உள்ளே வர்ற மழைத்தண்ணி மூலைகளில் இருக்கிற குழாய் வழியா கீழே இறங்கிடும். புளிய இலை, வேப்பிலைச் சருகு அடைச்சா தண்ணி உள்ளே வழியும். முதல்ல அதைச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க.

ரெசின் போட்டா போதுமா?

'முன் கண்ணாடியில் கல்லு பட்டப்போ ரெசின் ஊத்தி சரி பண்ணாங்களே, இதையும் பண்ண முடியாதா?'னு கேட்கலாம். இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க.

முன் கண்ணாடி லேமினேட்டடு வகை. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கும். உடைஞ்சாலும் கண்ணாடி அந்தப் படலத்தில் ஒட்டிக்கிட்டு நிற்கும். சின்னப் புள்ளியா இருந்தா ரெசின் நிரப்பலாம். டெம்பர்டு கண்ணாடியில் இந்த வைத்தியம் செல்லாது. ஓட்டையை மூடலாம், உள்ளே குலைஞ்ச இழுபறியைத் திரும்பக் கொண்டுவர முடியாது. துளை போட்டாலோ தேய்ச்சாலோ அந்த இடத்திலேயே வெடிக்கலாம். ஆழமான வெட்டோ, ஓரத்தில் சில்லோ இருந்தா மாத்துறதுதான் ஒரே வழி.

உங்க கார்ல எந்த வகை? கண்ணாடியின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு முத்திரை இருக்கும். பலதில் 'லேமினேட்டடு', 'டெம்பர்டு', 'டஃபண்டு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இல்லைன்னா, கார் மாடலைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்க. சில பேனரோமிக் கூரைகளில் ஒரு பகுதி திறக்கும், இன்னொரு பகுதி திறக்காது; ரெண்டும் வேற வேற வகையா இருக்கவும் வாய்ப்பிருக்கு.

ஓடும்போதே உடைஞ்சா?

டயர் வெடிச்ச மாதிரி பெருசா சத்தம் கேட்கும். பதறி சடன் பிரேக் அடிச்சா, கண்ணாடியைவிட பின்னாடி வர்ற பஸ்தான் பெரிய ஆபத்து. ஸ்டீயரிங்கை நேரா பிடிச்சு, இண்டிகேட்டர் போட்டு, மெதுவா இடது ஓரத்துக்கு வாங்க. ஹசார்டு லைட்டைப் போடுங்க.

யாரும் அண்ணாந்து பார்க்க வேண்டாம். திரை மூடியிருந்தா அப்படியே விடுங்க. துண்டுகள் அதுக்கு மேலதான் கிடக்கும். ஆர்வத்தில் சன்ரூஃப் பட்டனை அமுக்கினா எல்லாம் தலையில் கொட்டும். மோட்டாரும் தண்டவாளமும் சேர்ந்து கெட்டுப்போகும். குழந்தைகளை முதல்ல இறக்குங்க. தலைமுடி, சட்டை மடிப்பில் இருக்கிற துண்டுகளைக் கையால் தேய்க்காம, குனிஞ்சு உதறச் சொல்லுங்க. கண்ணில் ஏதாவது பட்டிருந்தா கசக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிதான்.

அப்புறம் போட்டோ, வீடியோ எடுங்க. உள்ளே, வெளியே, நம்பர் பிளேட், சாலை, கல் கிடைச்சா அதையும். வெளிப்பக்கமா தடிமனான பாலிதீன் ஷீட்டைப் போட்டு, அகலமான டேப்பால் கூரையின் தகரத்தில் ஒட்டுங்க. முடிஞ்சா இழுவை வண்டியைக் கூப்பிடுங்க. இல்லைன்னா, குறைஞ்ச வேகத்தில் பக்கத்து ஊர் பட்டறை வரைக்கும் மட்டும் போங்க. பட்டறையில் சீட் பெல்ட் மாட்டும் இடம், ஏசி துவாரம், சைல்டு சீட் மூணையும் வேக்கம் போடச் சொல்லி வாங்க.

இன்ஷூரன்ஸ் கணக்கு

தேர்ட் பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசி இருந்தா, கல்லு பட்டோ கிளை விழுந்தோ உடைஞ்ச கண்ணாடிக்கு கிளைம் உண்டு. நல்ல செய்தி என்னன்னா, கண்ணாடிக்கு தேய்மானம் பிடிக்க மாட்டாங்க. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு பாதியைக் கழிப்பாங்க. அது போக, 1,500 சிசி வரை உள்ள கார்னா 1,000 ரூபாய், அதுக்கு மேலன்னா 2,000 ரூபாய் கட்டாயமா நம்ம கையிலிருந்து போகும்.

ஒரு உதாரணம். சின்ன இன்ஜின் கார், பில் 30,000 ரூபாய்னு வெச்சுக்குவோம். கண்ணாடி 22,000, பீடிங் 3,000, கூலி 5,000. பீடிங்கில் பாதி 1,500, கட்டாயத் தொகை 1,000. நீங்க கட்டுறது 2,500 ரூபாய் மட்டும். ஆனா கிளைம் பண்ணா, இத்தனை வருஷம் சேர்த்த நோ கிளைம் போனஸ் போயிடும். அடுத்த வருஷம் 35 சதவிகிதம் தள்ளுபடி கிடைக்க வேண்டியவர், 10,000 ரூபாய் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 3,500 ரூபாயை இழப்பார்; மறுபடி 20 சதவிகிதத்திலிருந்து ஏறி வரணும். பெரிய பில்லுக்கு கிளைம் லாபம். பீடிங் மாத்துற மாதிரி சின்ன பில்லுன்னா, கையிலிருந்து கட்டுறதே நல்லது. கண்ணாடி கிளைமுக்கு போனஸ் குறையாத பாலிசிகளும் இருக்கு, உங்களுடையதைப் படிச்சுப் பாருங்க.

முக்கியமா, சர்வேயர் பார்க்கிறதுக்கு முன்னாடி மாத்திடாதீங்க. புதுக் கண்ணாடியில் ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கான்னு பாருங்க. வாகனப் பாதுகாப்புக் கண்ணாடிக்கான இந்தியத் தரம் அதுதான். பில்லில் கண்ணாடி, பீடிங், கூலி தனித்தனியா இருக்கணும். சில மாடல்களில் கண்ணாடி மட்டும் தனியா கிடைக்காது, மொத்த செட்டையும் மாத்தச் சொல்வாங்க. அதை முன்கூட்டியே கேட்டுக்கோங்க.

சன்ரூஃப் இல்லாத காரில் கூரையை வெட்டி வெளியில் பொருத்துற ஐடியா இருந்தா, விட்டுடுங்க. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாத்தக் கூடாதுனு 2019-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. கிளைமும் சிக்கலாகும்.

இன்னொண்ணு, கண்ணாடி எவ்வளவு நல்லா இருந்தாலும், ஓடுற காரில் குழந்தையை சன்ரூஃபில் நிற்க வைக்காதீங்க. 2025 செப்டம்பரில் பெங்களூருவில் அப்படி நின்ன ஒரு சிறுவனின் தலை, சாலையின் குறுக்கே இருந்த உயரத் தடுப்பில் மோதியது. ராஜகிரி உச்சிக்கு ஏறினா, சுத்தி இருக்கிற மொத்த செஞ்சியும் தெரியும். வேடிக்கை பார்க்க அதைவிட நல்ல இடம் இருக்கா என்ன?