உங்களுக்குத் தெரியுமா? 1993-இல் பதிவான இளையராஜாவின் சிம்பொனி இன்னும் வெளிவரவில்லை!

  

இளையராஜா எழுதிய அந்த சிம்பொனியை 1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழு வாசித்துப் பதிவு செய்தது. நடத்தியவர் ஜான் ஸ்காட். தமிழ்நாடே பெருமைப்பட்டது. ஆனால் பதிவு மட்டும் கடைக்கு வரவே இல்லை. கேசட் போய் சிடி வந்தது, சிடியும் போயிற்று. ரசிகர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அரங்கேறிய அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அதுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, அது புதிதாக எழுதியது.

பீட்டில்ஸ் இசைக்குழு ரசிகர்களின் காத்திருப்பு இதைவிட நீளம். 1967 ஜனவரியில் பதிவான 'கார்னிவல் ஆஃப் லைட்' ஏறக்குறைய 14 நிமிடம் ஓடும். லண்டன் ரவுண்ட்ஹவுஸ் விழாவில் ஒலித்ததோடு சரி. 1990-களில் வந்த 'ஆந்தாலஜி' தொகுப்பில் அதைச் சேர்க்க அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி ஆசைப்பட்டார். சக உறுப்பினர் ஜார்ஜ் ஹாரிசன் ஒப்புக்கொள்ளவில்லை.