புதுக்கடை மேட்டிலிருந்து ஒரு நீளப் படம்

கொழும்பின் புதுக்கடையைச் சாதாரண கமராவால் எடுத்தால் நீதிமன்றம் வரும், இல்லாவிட்டால் தெரு வரும். இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம். உயர் நீதிமன்றத் தொகுதியின் பெரிய கூரையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு இதுதான் புதுக்கடை என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தெருவோரம் தட்டச்சு இயந்திரத்தோடு உட்கார்ந்து சத்தியக்கடதாசி அடிப்பவர், பிளேன்டீக் கடை, கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகள், தவணைக்கு வந்து நிழல் தேடி நிற்கும் சனம், இவ்வளவும் சேர்ந்ததுதான் இந்த இடம்.

என் தொழில் காணி உறுதி எழுதுவது. ஒரு காணியை உறுதியில் எப்படிச் சொல்கிறோம்? அதன் நான்கு எல்லையைச் சொல்லித்தான். கிழக்கே யாருடைய வளவு, மேற்கே எந்த ஒழுங்கை என்று எழுதாவிட்டால் அந்தக் காணி எது என்றே தெரியாது. நகரத்தைப் படமெடுப்பதிலும் எனக்கு இதே எண்ணம்தான். ஒரு கட்டடத்தை அதன் அயலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதனால்தான் ரஷ்யாவில் செய்த ஹொரைசன் 202 கமராவை நான் விடாமல் வைத்திருக்கிறேன்.

மொஸ்கோவுக்கு அருகே கிரஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்த கமரா இது. பற்றரி தேவையில்லை. முன்னால் ஓர் உருளை, அதற்குள் 28 மில்லிமீற்றர் லென்ஸ். உள்ளே பிலிம் தட்டையாகக் கிடக்காது; உருளையை ஒட்டி வில்லாக வளைந்திருக்கும். பொத்தானை அழுத்தியதும் உருளை கிர்ரென்று ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பும். லென்ஸுக்குப் பின்னால் இருக்கிற ஒடுங்கிய நீக்கல் வழியே வெளிச்சம் பிலிமில் பட்டுக்கொண்டே போகும். சாதாரண 35 மில்லிமீற்றர் கமராவில் இதே லென்ஸைப் போட்டால் 65 பாகை அகலம்தான் கிடைக்கும். இங்கே 120 பாகை. ஒவ்வொரு படமும் 58 மில்லிமீற்றர் நீளம் என்பதால், 36 படம் எடுக்கும் சுருளில் 22 படத்தோடு பிலிம் முடிந்துவிடும்.

இத்தனை அகலத்தில் கமராவைப் பிடிக்கும் விரலே படத்துக்குள் வந்துவிடும். அதற்காகத்தான் கீழே ஒரு கைபிடி பூட்டுகிறோம். பார்வைக் கண்ணாடிக்குள் ரசமட்டக் குமிழ் ஒன்று தெரியும். அது நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் அழுத்தவே கூடாது. கமரா கொஞ்சம் மேலோ கீழோ சாய்ந்தாலும் அடிவானம் வளைந்துவிடும். மட்டமாகப் பிடித்தாலும் ஒன்று நடக்கும். நீண்ட நேரான சுவருக்கு எதிரே நின்று எடுத்தால் சுவரின் நடு புடைத்து, இரு முனைகளும் சிறுத்துப் போகும். அதைக் குறையென்று சொல்பவர்கள் உண்டு. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது கண்ணும் அப்படித்தான் காண்கிறது என்பது என் கட்சி. ஓடுகிற ஓட்டோ லென்ஸ் திரும்பும் திசையிலேயே போனால் படத்தில் இழுபட்டு நீளும். எதிர்த்திசையில் வந்தால் ஒடுங்கிப் போகும். தட்டச்சுக்கார ஐயா ஒருவர் இப்படி நீண்டுபோன ஓட்டோவைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை எந்தச் சந்திக்குள்ள திருப்புறது?" என்று கேட்டார்.

நீதிமன்றக் கட்டடத்துக்குள் படமெடுக்க முடியாது. நான் நிற்பது தெருவில், அல்லது தெரிந்தவர்களிடம் கேட்டு ஏறும் மொட்டைமாடியில். ஒல்லாந்துத் தளபதி ஜெரார்ட் ஹல்ஃப்ட் போர்த்துக்கேயரை முற்றுகையிட்டுப் பாளையமடித்திருந்த மேடு இது. 1656இல் அந்த முற்றுகையிலேயே அவர் இறந்துபோனார். காலையில் வெயில் முதுகுப் பக்கம் விழும்படி வடமேற்கே திரும்பினால் இடது முனையில் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், வலப்பக்கம் 1757இல் திறந்த வுல்ஃபெண்டால் தேவாலயம், அதையும் தாண்டிக் கொட்டாஞ்சேனைப் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம். இடையில் கோயில், பள்ளிவாசல், தகரக் கூரை, தண்ணீர்த் தாங்கி, காய்கிற உடுப்பு. தாமரைக் கோபுரம் முதுகுக்குப் பின்னால், தெற்கே நிற்கிறது. 350 மீற்றர் உயரமிருந்தும் அது இந்தப் படத்துக்குள் வராது. கொழும்பு என்றாலே அந்தக் கோபுரத்தைக் காட்டுகிற இந்தக் காலத்தில், அது இல்லாத வடக்குப் பக்கத்தை அகலமாக எடுத்து வைப்பது அவசியமென்று நினைக்கிறேன். புதிய மாடிகள் எழும்ப எழும்ப இங்கிருந்து கடல் தெரியும் இடைவெளிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருக்கின்றன.

நீளப் படம் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1850களின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்து படமெடுத்த பிரெடரிக் பீபிக், அதற்கு முன்பே கல்கத்தா நகரத்தைச் சுற்றுக்காட்சியாகக் கல்லச்சில் வெளியிட்டவர். ஆனால் என்னை அசத்தியது லினேயஸ் டிரைப் செய்த வேலை. சென்னை மாகாண அரசின் படப்பிடிப்பாளராக இருந்த இந்த இராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியோடும் கல்வெட்டுகளை 1858இல் துண்டு துண்டாக எடுத்தார். 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே சுருளாக்கினார். லென்ஸைச் சுழற்றும் வேலை அங்கே இல்லை. கமராவையே சுவரோரமாக நகர்த்தி நகர்த்தி வைத்திருக்கிறார். ராஜராஜன் காலத்துக் கொடைகளைச் சொல்லும் எழுத்து அது. உறுதி எழுதுகிறவனுக்கு இதைவிட மேலான படம் எது? கல்வெட்டில் பாதியை விட்டுவிட்டு அழகான பாதியை மட்டும் எடுத்திருந்தால் அறிஞர்களுக்கு அதனால் என்ன பயன்?

இப்போது கைபேசியே நீளப் படம் எடுக்கிறது. பல துண்டுகளை அது தானாகத் தைத்துத் தருகிறது. தையல் விழுந்த இடத்தில் சிலவேளை நடந்து போனவரின் ஒரு கால் காணாமற்போயிருக்கும். பிலிமில் தையல் இல்லை. லென்ஸ் ஒரே வீச்சில் கண்டது அப்படியே நெகட்டிவில் இருக்கும், கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

அந்த நெகட்டிவைக் காப்பாற்றுவதில்தான் சிரமம். கழுவக் கொடுக்கும்போது "வெட்ட வேண்டாம், சுருளாகவே தாங்கோ" என்று உறையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். 36 மில்லிமீற்றர் படத்துக்குப் பழகிய கை வழக்கமான அளவில் வெட்டினால் லூசியாள் குவிமாடம் இரண்டு துண்டாகிவிடும். பிரிண்ட் போடவும் 35 மில்லிமீற்றர் என்லார்ஜர் காணாது. நடுத்தர அளவு பிலிமுக்கான பெரிய என்லார்ஜர் வேண்டும். கொழும்பின் பெரும் படக்கலைஞர் லயனல் வென்ட் சட்டம் படித்தவர்; அவருடைய தகப்பன் ஹென்றி லோரன்ஸ் வென்ட் உயர் நீதிமன்ற நீதியரசர். 1944இல் லயனல் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சியவை அவர் போட்டு வைத்த பிரிண்டுகள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் தாத்தா படித்த பாடசாலையின் நீளமான குழுப்படம் சுருண்டு கிடக்கலாம். அப்படியான படங்களுக்கென்றே சேர்க்கட் என்றொரு கமரா இருந்தது. 1904இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார்கள். முக்காலியில் கமராவே சுழல, பிலிமும் உள்ளே நகரும். பிள்ளைகளைப் பிறைவடிவில் நிறுத்தினால் படத்தில் எல்லோரும் நேர்வரிசையில் நிற்பார்கள். அந்தச் சுருளைக் கையால் இழுத்து நிமிர்த்த வேண்டாம், பழைய தாள் நெடுக வெடித்துவிடும். பழைய படங்களைச் செப்பனிடத் தெரிந்தவர்கள் ஈரப்பதம் ஏற்றி மெல்ல மெல்ல விரிப்பார்கள். அதுவரை சுருண்டபடியே உலர்ந்த இடத்தில் வையுங்கள். முகங்களை அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் யாராவது வீட்டில் இருந்தால், படம் விரிந்த அன்றைக்கே அவர்களைப் பக்கத்தில் இருத்திப் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.