குவியலின் அடியில் இருந்த ஈரம்

மதீனாவின் கடைவீதி வழியே அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு நாள் சென்றபோது, வணிகர் ஒருவரின் தானியக் குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என அவ்வணிகர் விடை பகர்ந்தார். அவ்விடையில் பொய் ஏதுமில்லை. மழை பெய்தது உண்மை. தானியம் நனைந்ததும் உண்மை. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்றார்களில்லை. மக்கள் காணும் வண்ணம் அந்த ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டார்கள். வஞ்சிப்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள இந்த ஹதீஸை அறியாத இல்லம் நம்மிடையே அரிது.

இதனைக் கடைக்காரருக்குரிய பாடமாக மட்டுமே நாம் ஓதி வந்திருக்கிறோம். ஆனால் குவியல் தானியத்தால் மட்டுமா அமைகிறது? எண்களாலும் அமைகிறது. பொதுப் பொறுப்பிலிருப்போர் உலர்ந்த எண்களை மேலே பரப்பி, ஈரமானவற்றை அடியில் இட்டு வைப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். கை நுழைத்துக் கேட்பவருக்குக் கிடைப்பதும் மழையைப் பற்றிய விடையே.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு (கி.பி. 639) ஹிஜாஸ் பகுதியில் மழை பொய்த்தது. நிலம் வெந்து சாம்பல் நிறம் கொண்டது. ஆகவேதான் வரலாற்றாசிரியர்கள் அதனை ‘ஆமுர் ரமாதா’, அதாவது சாம்பல் ஆண்டு, என்றழைத்தனர். பாலைவனத்து மக்கள் பசியோடு மதீனாவை நோக்கித் திரண்டனர். கலீபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் நெய்யைத் துறந்து எண்ணெய் தொட்டு உண்டதும், அதனால் அவர்களின் மேனி கறுத்ததும் நம் சொற்பொழிவாளர்கள் அடிக்கடி எடுத்துரைப்பவை. இப்னு ஸஅத் தம் ‘தபகாத்’ நூலில் தரும் மற்றொரு செய்தியோ ஏனோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ஓர் இரவு, தம் பந்தியில் உண்டோரை எண்ணும்படி கலீபா பணித்தார்கள். 7,000 பேர் இருந்தனர். அத்துடன் அவர்கள் நின்றுவிடவில்லை. பந்திக்கு வர இயலாத நோயாளிகள், பெண்கள், சிறுவர்கள் ஆகியோரையும் எண்ணச் சொன்னார்கள். 40,000 பேர்! சில இரவுகள் சென்றபின் மீண்டும் எண்ணச் செய்தார்கள். உண்ண வந்தோர் 10,000, வராதோர் 50,000 என்று கணக்கு உயர்ந்திருந்தது.

முதல் இரவோடு நிறுத்தி, நாளொன்றுக்கு 7,000 பேருக்கு உணவளிக்கிறோம் என்று பறைசாற்றியிருக்கலாம். அது முழு உண்மையாகவும் இருந்திருக்கும். கலீபாவோ வராதோரைத் தேடி எண்ணினார்கள். தம் ஆட்சிக்குப் பெருமை தராத அந்த எண்தான் எத்தனை வாய்க்கு உணவு வேண்டுமென்று காட்டியது. மாகாண ஆளுநர்களுக்குக் கடிதங்கள் பறந்தன. ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகச் சுமை உணவுடன் வந்து சேர்ந்தார்கள். இறப்பும் நேர்ந்தது, இறந்தோரின் கபனைக்கூடக் கலீபா கவனித்துக்கொண்டார்கள். மழை வந்தபின் மக்கள் தத்தம் ஊர் திரும்பினர்.

இனி, நம் நாட்டிலேயே 1943ஆம் ஆண்டு வங்காளத்தில் நிகழ்ந்ததை நோக்குக. பஞ்சம் வந்தால் அதனை முறைப்படி அறிவித்து, இன்ன அளவு உணவு வழங்க வேண்டுமென விதிக்கும் சட்டத் தொகுப்பு அரசின் கையில் இருந்தது. ஆனால் பஞ்சம் அறிவிக்கப்படவேயில்லை. அறிவித்தால் அந்த அளவு உணவு வழங்கியாக வேண்டும்; வழங்க உணவில்லை என்பதே உள்ளிருந்த காரணம். கல்கத்தா வீதிகளில் பசியால் சுருண்டு வீழ்ந்தோருக்கு ‘நோயுற்ற ஆதரவற்றோர்’ என்று பெயரிட்டார்கள். பசி என்ற சொல் ஏட்டிலிருந்து மறைந்தது; வீதியிலிருந்து மறையவில்லை. அக்டோபரில் அவர்களை நகருக்கு வெளியே அகற்ற ஓர் அவசரச் சட்டமும் பிறந்தது.

கப்பல்களைத் தர மறுத்த லண்டனின் குற்றம் பெரிது. அதற்காக நம்மவரை விட்டுவிட்டு எழுதுவது நேர்மையாகாது. அவ்வாண்டு ஏப்ரலில் மாகாணத்தில் பதவியேற்றது நாஜிமுத்தீன் அமைச்சரவை. உணவு வழங்கல் துறை சுஹ்ரவர்தியிடம் இருந்தது. தொடக்க மாதங்களில் உணவுக்குத் தட்டுப்பாடில்லை என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. மாண்டோரில் முஸ்லிம் குடியானவர்களும் ஏராளம்.

‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் 1943 ஆகஸ்ட் 22 அன்று படங்களை வெளியிட்ட பின்னரே வெளியுலகம் விழித்தது. அதன் பின்னும், அக்டோபரில், வாரத்திற்கு ஏறத்தாழ 1,000 பேர் இறக்கிறார்கள், கூடுதலாகவும் இருக்கலாம் என்று இந்தியாவுக்கான அமைச்சர் அமெரி பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் கூறினார். உண்மை எண் மிகமிக அதிகம், அதனை அறியும் வசதி அவர் பதவிக்கு உண்டு என்று அவ்விதழ் சாடியது. சிற்றூர்களில் இறப்பைப் பதிய வேண்டிய சவுக்கிதார்கள் சிலர் தாமே இறந்துபோயினர், சிலர் ஊரைவிட்டே அகன்றனர். எழுதப்படாத மரணம் கணக்கில் எவ்வாறு ஏறும்? 1945இல் விசாரணைக் குழு இறந்தோர் 15 லட்சம் என்றது. பின்னர் ஆராய்ந்த அமர்த்தியா சென் 30 லட்சத்தை நெருங்கும் என்று கணித்தார்.

பீதி பரவாதிருக்க உண்மையை மறைப்பதும் ஒரு நன்மைதானே, இருபொருள்படப் பேச மார்க்கத்தில் இடமுண்டே என்று சிலர் வாதிடுவர். உண்டுதான். ‘தவ்ரியா’ எனப்படும் அத்தகைய பேச்சைப் பற்றி இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் ‘அல்அத்கார்’ நூலில் வரம்பு வகுத்துள்ளார்கள். தக்க தேவை இருப்பின் குற்றமில்லை. தேவையின்றிப் பேசுவது வெறுக்கத்தக்கது. பிறரின் உரிமையைத் தட்டிக் கழிக்க அதனைக் கையாண்டால் ஹராம். கொடியவனிடமிருந்து உயிர் தப்ப நினைக்கும் எளியவனுக்கு அளித்த சலுகையைப் பசித்தவனிடமிருந்து தப்ப நினைக்கும் ஆட்சியாளர் எடுத்துக்கொள்ள இயலாது.

அமைச்சர்களோடு இப்பேச்சு முடிவதில்லை. நம் மஹல்லாக்களில் ரமலானுக்குப் பின் கணக்கு வாசிக்கிறார்கள். இத்தனை மூட்டை அரிசி, இத்தனை பேருக்கு ஸகாத், கஞ்சிக்கு இவ்வளவு செலவு. எல்லாம் உண்மையே, அல்லாஹ் அதனை ஏற்றருள்வானாக! ஆனால் அவ்வெண்கள் அனைத்தும் பள்ளிவாசல் வாயிலுக்கு வந்தோரைப் பற்றியவை. நாணத்தால் கை நீட்டாதிருப்போரை அறியாதவன் செல்வர் என எண்ணிவிடுவான் என்று திருமறையின் பகரா அத்தியாயம் உணர்த்துகிறது. அத்தகையோர் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள் என்று பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர் கேட்கிறார். நன்கொடையாளர் பெயர்களை மேடை மீண்டும் ஒருமுறை வாசித்து, துஆவுடன் கூட்டத்தை முடித்துவிடுகிறது.