வயிறு பெருத்தால் எல்லாம் பூச்சி அல்ல



பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தைக்கு வயிறு முன்தள்ளி நின்றால், "புழு வச்சிருக்கு, பூச்சி மருந்து குடு" என்பதுதான் நம் லயங்களில் முதல் பேச்சு. சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் மருந்து கொடுத்தும் வயிறு வற்றாமல் பெருத்துக்கொண்டே போனால்? அப்படியான ஒரு வியாதியைப் பற்றி இம்முறை சொல்கிறோம்.

இதற்குப் பெயர் கோஷே நோய். மிக அபூர்வமானது. 1882இல் பிலிப் கோஷே என்ற பிரான்சு நாட்டு டாக்டர், மண்ணீரல் பெருத்த 32 வயதுப் பெண் ஒருவரிடம் இதைக் கண்டு எழுதினார்.

என்ன நடக்கிறது?

பழைய இரத்த அணுக்கள் அழியும்போது ஒருவகைக் கொழுப்பு மிஞ்சும். அதைக் கரைக்க உடம்பில் ஒரு நொதியம் உண்டு. இந்தப் பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே குறைவு. துப்புரவு செய்யாத கான் அடைத்துக்கொள்வது போல, கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்புக்குள்ளும் தேங்கிவிடும்.

மண்ணீரல் இடது விலாவுக்குள் ஒளிந்திருப்பது. மலேரியா காலத்தில் அது வீங்கினால் 'காய்ச்சல்கட்டி' என்பார்கள். இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. ஆகவே இன்று இடது பக்கம் கட்டி தட்டுப்பட்டால் வேறு காரணம் தேட வேண்டும். தலசீமியாவிலும் மண்ணீரல் பெருக்கும். எது என்று பிரித்துச் சொல்வது டாக்டரின் வேலை.

எதைக் கவனிப்பது?

இரண்டு வாய் சாப்பிட்டதும் "வயிறு நெறஞ்சிருச்சு" என்பது, முகம் வெளுப்பது, மூக்கில் இரத்தம் வருவது, சும்மா பட்டாலும் தோல் கன்றிப்போவது, கால் எலும்பு வலி, வளர்த்தி குறைவது.

எதைச் செய்யக்கூடாது?

எண்ணெய் தேய்த்து வயிற்றை உருவாதீர்கள். சூடு வைக்காதீர்கள். பெருத்த மண்ணீரல் அடிபட்டால் வெடித்து உள்ளே இரத்தம் பெருகும். இரத்தம் உறைவதைக் கெடுக்கும் ஆஸ்பிரினைக் கொடுக்க வேண்டாம். திடீரென்று இடது பக்கம் கடும் வலி வந்தாலோ, விழுந்த பின் பிள்ளை வெளுத்து வியர்த்தாலோ, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

வைத்தியம் உண்டா?

இரத்தப் பரிசோதனையில் நொதியத்தின் அளவைக் கண்டு வியாதியை உறுதி செய்யலாம். 1991 முதல் அந்த நொதியத்தையே மருந்தாக நரம்பில் ஏற்றும் முறை வந்திருக்கிறது. வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுவதும் ஏற்ற வேண்டும். விலை மிக அதிகம். ஆனால் வயிறு வற்றும், இரத்தம் ஊறும். மூளையைத் தாக்கும் கடும் வகைக்கு மட்டும் இது போதாது. மண்ணீரலை வெட்டி எடுப்பது முன்பு வழக்கம். இப்போது கூடிய மட்டும் தவிர்க்கிறார்கள்.

தாய் தின்ற எதனாலும் இது வருவதில்லை. தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருக்கும் குறை சேரும்போதுதான் வரும். ஒவ்வொரு பிரசவத்திலும் 4இல் 1 பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டும்போது இருவரிடமும் அந்தக் குறை இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஆகவே கூடப்பிறந்த பிள்ளைகளையும் காட்ட வேண்டும்.

மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரு நாள் பேர் போய்விடும் என்பது நமக்குத் தெரியும். தேவையென்றால் அங்கிருந்து கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் அனுப்புவார்கள். கிளினிக் கொப்பியையும் பழைய துண்டுகளையும் கையோடு கொண்டு போங்கள். போன பேரை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். பிள்ளையின் வயிற்றை இன்றே காட்டுங்கள்.